மூன்றாவது செங்கோட்டை

என் கணவருக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே செங்கோட்டைதான். தில்லிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இங்கே யாராவது "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, இவர் "செங்கோட்டை" என்று சொன்னால், "அடேயப்பா, லால் கிலாவுக்குள்ளேயே குடித்தனமா?" என்று சிரிப்பார்கள். சங்கத்து அன்பர்கள் பலருக்கு இது பழகிப்போன வேடிக்கை.

மூன்றாவதாகவும் ஒரு செங்கோட்டை இருக்கிறது என்பது சென்ற கோடை விடுமுறையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது இருப்பது வேல்ஸ் நாட்டில்.

என் நாத்தனார் பர்மிங்ஹாமில் இருக்கிறாள். மூன்று வாரம் அவள் வீட்டில் தங்கினோம். மூத்தவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஐந்து. லண்டனில் ஒரு நாள் கூட்டத்தில் அலைந்து, சின்னவன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுததும், "இனிமேல் பெரிய ஊர் வேண்டாம்" என்று முடிவு செய்தோம். அப்போதுதான் நாத்தனார், "அண்ணி, போவிஸ் கோட்டைக்குப் போகலாம். ரயிலில் ஒன்றரை மணி நேரம். நம்ம ஊர்க் கதை அங்கே நிறைய இருக்கு" என்றாள்.

வெல்ஷ்பூல் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலம் ஒரு வரி, வேல்ஷ் மொழி ஒரு வரி. "எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமே, அப்புறம் எதுக்கு இன்னொரு பாஷை?" என்றாள் மூத்தவள். "நீ ஸ்கூல்ல ஹிந்தி பேசிட்டு வீட்டுக்கு வந்து தமிழ் பேசறியே, எதுக்கு?" என்று அவள் அத்தை திருப்பிக் கேட்டாள். பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் வழியில் இருந்த பலகைகளை எல்லாம் நின்று நின்று படித்துக்கொண்டு வந்தாள்.

ஊரிலிருந்து ஒரு மைல் நடந்தால் மேட்டின் மேல் கோட்டை தெரிகிறது. சிவந்த கல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர் ஒருவர் கட்டியது. 1587ல் ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. கல்லின் நிறத்தை வைத்து வேல்ஷ் மொழியில் இதைச் 'சிவப்புக் கோட்டை' என்றே அழைத்தார்களாம். அதைக் கேட்டதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பார்த்தாயா, எங்க ஊர்!" என்றார். சின்னவன், "இல்லப்பா, லால் கிலா!" என்று சண்டைக்கு நின்றான்.

முதலில் தோட்டத்துக்குப் போனோம். கோட்டைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டம்; மேகம் போல் உருண்டு நிற்கும் பெரிய பெரிய பச்சை வேலிகள். அங்கே ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து போயிற்று. சின்னவன் பின்னாலேயே ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "அம்மா, முருகன் மயில் இங்கே எப்படி வந்தது? யார் தூக்கிட்டு வந்தாங்க?" என்றான். எல்லாரும் சிரித்தோம். அரை மணி நேரம் கழித்து அந்தக் கேள்வி சிரிப்பாக இல்லை.

கோட்டைக்குள்ளே கிளைவ் அருங்காட்சியகம் என்று ஒரு பகுதி இருக்கிறது. ராபர்ட் கிளைவைப் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். 1744ல் பதினெட்டு வயதில் கும்பெனிக் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து, 1751ல் ஆற்காட்டைப் பிடித்தவர். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் 1784ல் இந்தக் கோட்டைப் பெண்ணான ஹென்ரியெட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். 1798லிருந்து 1803 வரை சென்னைக்கு அவர்தான் கவர்னர். அப்பாவும் பிள்ளையும் மருமகளும் சேர்த்த இந்தியப் பொருள்கள் இங்கே வந்து சேர்ந்தது அப்படித்தான்.

உள்ளே நுழைந்ததும் திப்பு சுல்தானின் கூடாரம். வெள்ளைப் பருத்தித் துணியில் பூச்சாடியும் பூக்களுமாக அச்சிட்ட சீட்டி. என் பாட்டி வீட்டு ஜமக்காளப் பெட்டியைத் திறந்தால் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு வந்த பொருள். பிற்காலத்தில் இந்தக் குடும்பத்தார் இதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்கள் என்று படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தங்கப் புலித் தலை. திப்புவின் சிம்மாசனத்தில் இருந்தது. சிம்மாசனத்தை வெட்டிப் பங்கு போட்டபோது தப்பிய துண்டுகளில் ஒன்று.

அங்கே நின்ற வயதான அம்மாள் ஒருவர் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சில் 'லூட்' என்ற சொல் வந்தது. மூத்தவள் என் கையை இழுத்தாள். "அம்மா, அது ஹிந்தி வார்த்தை!" "ஆமாம்" என்றேன். "இங்கேயிருந்து போனவர்கள் அந்த வார்த்தையையும் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்தார்கள்."

"அப்போ இதெல்லாம் திருடினதா? ஏன் திருப்பித் தரலை?" சின்னவன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. அடுத்த நிமிஷம், நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும் என்று கோபமும் வந்தது. "சண்டையில் ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது சரியில்லைதான். திருப்பித் தர வேண்டுமா என்று இப்போது பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். ஐந்து வயதுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

பிறகு நாத்தனார் ஒரு படத்தின் முன் நிறுத்தி ஹென்ரியெட்டாவின் கதையைச் சொன்னாள். 1800ஆம் ஆண்டு மார்ச்சில் அந்த அம்மாள் தன் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினாள். மூத்தவளுக்கு 13 வயது, இளையவள் சார்லெட்டுக்கு 12. வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி, அக்டோபரில்தான் திரும்பினார்கள். ஆயிரம் மைலுக்கு மேல். சார்லெட் தினமும் நாட்குறிப்பு எழுதினாள். பின்னாளில் அவள் விக்டோரியா இளவரசிக்கு ஆசிரியையானாள். நம் மலைத் தோட்டங்களிலும் ஆரஞ்சு நிறத்தில் பூக்கிறதே 'கிளைவியா', அந்தப் பெயர் அவளால் வந்ததுதான்.

மூத்தவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த அக்கா நல்லவளா, கெட்டவளா?" என்றாள்.

"உன்னை மாதிரிதான். அம்மா கூட்டிக்கொண்டு போன இடத்துக்குப் போனாள். பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தாள். அதில் தப்பில்லை. ஆனால் அவள் ஊர் சுற்றின அந்தச் சமயத்தில் அவள் அப்பாவின் ஆட்சியில் நம்ம பக்கத்தில் என்னென்ன நடந்தது தெரியுமா? கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு ஆறு மாசம்கூட ஆகவில்லை."

"கட்டபொம்மனா? அது யாரும்மா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். குற்றம் யாருடையது என்று அந்த இடத்தில் ஆராய முடியுமா? 1799 அக்டோபர் 16, கயத்தாறு. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். என் பாட்டி ராத்திரி சோறு பிசைந்து கையில் போட்டுக்கொண்டே சொன்ன கதைகள் இவை. நான் என் பெண்ணுக்குச் சொன்னதேயில்லை. ஒரு வேல்ஸ் கோட்டையின் ஜன்னலோரத்தில் உட்கார வைத்துத்தான் சொல்ல நேர்ந்தது.

கேட்டு முடித்ததும் அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அந்த அக்கா பன்னிரண்டு வயசுக்குள்ளே வேலூர், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் பாத்துட்டா. நான் ஒண்ணுமே பாக்கலையேம்மா?"

உண்மைதானே! வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறோம். பத்து நாள் லீவு. கல்யாணம், காதுகுத்து, அத்தை வீடு, மாமா வீடு. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகும்போதெல்லாம் கயத்தாறைக் கடந்திருக்கிறோம். "டீ குடிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறோமே தவிர, கட்டபொம்மன் நினைவிடத்தில் ஒரு தடவையும் இறங்கியதில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து இன்னொருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் நம் பொருளைப் பார்த்து வருத்தப்படத் தெரிந்த எனக்கு, வழியில் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போனவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் எடுத்துக்கொண்டு போகாததை நானே தொலைக்க இருந்தேன்.

குழந்தைகளோடு இந்த மாதிரிக் கோட்டைகளுக்குப் போகும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் தோட்டத்தில் ஓட விட்டு, பிறகு உள்ளே அழைத்துப் போங்கள். கால் ஓய்ந்தால்தான் கண் நிற்கும். எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள்; இரண்டு பொருளை நின்று பார்த்தால் போதும். படிக்கட்டுகள் அதிகம், கைக்குழந்தையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். போவிஸ் கோட்டை 1952லிருந்து நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் தயிர்சாதம் இருந்தால் யாருக்கும் கோபம் வராது. முக்கியமாக, குழந்தைகள் கேட்கப் போகும் கேள்விகளுக்கு நீங்கள் முந்தின நாளே தயாராகிக்கொள்ளுங்கள். நான் ஆகவில்லை.

திரும்பும் ரயிலில் மூத்தவள் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் தமிழில், எழுத்துக்கூட்டி, 'செங்கோட்டை – 3' என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தாள். 'கோட்டை'யில் ஒரு 'ட்' விட்டுப்போயிருந்தது. அத்தை திருத்தினாள்.

வரும் பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தத் தடவை இரண்டு நாள் முன்னதாகவே கிளம்புகிறோம். திருச்சியில் ஒரு நாள், மறுநாள் கயத்தாறு.