பாம்பன் காற்றுக்கு என்ன நிறம்?

பாம்பன் சாலைப் பாலத்தின் மண்டபம் முனையில் நின்று பக்கத்து ரயில் பாலத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அதன் நீளம் 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். தூண்களெல்லாம் ஒரே கான்கிரீட்தான். ஆனால் கிட்டத்துத் தூணின் நிழல்பக்கம் கருஞ்சாம்பலாக இருக்க, ராமேஸ்வரம் தீவை நெருங்கும் தூண்கள் வெளிறி வானத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. தூணுக்குத் தூண் கூடுவது நடுவிலுள்ள காற்று. படகு வரைய வருபவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பலர் தூரத்துப் படகைச் சிறிதாக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன்மேல் காற்றையும் பூசியாக வேண்டும்.

தூரத்து மலைகளுக்கு நீலம் கூட்டச் சொன்னவர் லியனார்டோ டா வின்சி. காரணத்தை 1899-இல் இயற்பியலாளர் ராலே கணக்கிட்டுக் காட்டினார்: காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன. ராமேஸ்வரத்துக்கு அந்த நீலம் மட்டும் போதாது. அலை உடைந்து எழும் உப்புத் துகள்கள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சி நுண்துளிகளாகின்றன. அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சிதறடிப்பதால் மூட்டம் வெளுத்துப்போகிறது. ஆடியில் கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் நாள்களில் நீலக் குப்பியை விட வெள்ளைக் குப்பிதான் சீக்கிரம் தீரும்.

எவ்வளவு வெளுக்கும்? இதற்கு 1924-இல் விதி தந்தவர் ஜெர்மனியின் கோஷ்மீடர். கரும்பொருள் ஒன்று வானத்திலிருந்து பிரிந்து தெரியும் எல்லை 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 கி.மீ.யிலேயே அதன் கருமையில் பாதிக்கும் குறைவுதான் மிஞ்சும். கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 5 கி.மீ.; அங்கே மிஞ்சுவது 14 சதவீதம். அதாவது, அங்கே போகும் விசைப்படகின் நிறத்தில் ஏழில் ஒரு பங்குதான் படகுடையது, மற்ற ஆறு பங்கும் தொடுவானத்துடையது. ஆகவே முதலில் குழைக்க வேண்டியது தொடுவானத்தின் நிறம்.

தண்ணீரின் கதை வேறு. தூரத்து நீரைச் சாய்வாகப் பார்க்கிறோம். அது வானத்தைத்தான் காட்டும். காலடி நீர் தன் நிறத்தையே காட்டும். கடலின் நீலம் வெறும் வானப் பிரதிபலிப்பல்ல என்பதை 1921-இல் கப்பல் பயணத்தில் சர் சி.வி. ராமன் நிக்கோல் பட்டகத்தால் நிறுவினார்: மேற்பரப்புப் பளபளப்பை அது வடிகட்டிய பிறகும் நீலம் நின்றது. உள்ளூரார் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. அங்கே பச்சை தூக்கலாகத் தெரியும். பக்கத்தில் கட்டியிருக்கும் நாட்டுப்படகின் பிரதிபலிப்புக்குள் பாருங்கள். வானத்தின் பளபளப்பைப் படகு மறைப்பதால் அந்தப் பச்சை அங்கேதான் அழுத்தமாகத் தெரிகிறது. அந்த இடத்தில் கறுப்பைத் தடவிவிடாதீர்கள்.