மகிழுந்து மின்கலவடுக்கைச் சோதித்தலும் மாற்றுதலும்

மகிழுந்து மின்கலவடுக்கு என்பது மகிழுந்தின் எந்திரத்தைக் கிளப்புவதற்கும், எந்திரம் ஓடாத வேளையில் விளக்கு, ஒலிப்பான் முதலியவற்றுக்கு மின்சாரம் வழங்குவதற்கும் பயன்படும், மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்களின் தொகுதி ஆகும். பேச்சு வழக்கில் இது பேட்டரி எனப்படுகிறது. பெரும்பாலான மகிழுந்துகளில் பயன்படுவது 12 வோல்ட்டு ஈய-அமில வகையாகும். மின்சார மகிழுந்துகள் பலவற்றிலும், ஓட்டத்துக்கான பெரிய இலித்தியம் அடுக்குக்குப் புறம்பாக, விளக்குகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் ஒரு சிறிய 12 வோல்ட்டு அடுக்கு உண்டு.

மின்கலவடுக்கு நலிவதற்கான காரணங்களும் அதன் அறிகுறிகளும் ஊருக்கு ஊர் மாறுபடும். குளிர் நாடுகளில் பனிக்காலக் காலையில் எந்திரம் மெதுவாகச் சுழல்வதே முதல் எச்சரிக்கையாகும். சென்னையில் அத்தகைய எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே இங்கு அளந்து பார்த்து அறிவது கூடுதல் இன்றியமையாதது.

வரலாறு

மின்னேற்றத்தக்க ஈய-அமிலக் கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் கசுத்தோன் பிளான்டே உருவாக்கினார். 1881 இல் கமீல் ஃபோர் ஈயத் தகடுகளின் மேல் ஈயச் சேர்மப் பசையைப் பூசும் முறையைக் கண்டதால் கலத்தின் கொள்ளளவு உயர்ந்தது. தொடக்க கால மகிழுந்துகளைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பினர். சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி மோட்டார் 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்ற பின்னரே மின்கலவடுக்கு மகிழுந்தின் இன்றியமையாத உறுப்பு ஆயிற்று. தமிழ்நாட்டில், காரைக்குடியில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மின்கலங்கள் குறித்த ஆய்வுகளை மேற்கொண்டு வருகிறது.

அமைப்பும் இயக்கமும்

ஒரு 12 வோல்ட்டு மின்கலவடுக்கில் ஆறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். நேர்த் தகட்டில் ஈய ஈராக்சைடும், எதிர்த் தகட்டில் நுண்துளை கொண்ட ஈயமும் உள்ளன. இவை நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியுள்ளன. மின்னிறக்கத்தின் போது இரு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன; அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றத்தின் போது இதற்கு எதிரான வினை நிகழ்கிறது. அமிலத்தின் அடர்த்தியைக் கொண்டு மின்னேற்ற நிலையை அறிய முடிவது இதனாலேயே.

மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விடப்பட்டால் ஈய சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகிவிடும். பின்னர் மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரையாது. இது சல்பேட்டேற்றம் எனப்படும்.

சென்னையில் நலிவுக்கான காரணங்கள்

வெப்பம்

வேதி வினைகளின் வேகம் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது பொது விதி. மின்கலவடுக்கைப் பொறுத்தவரை, நேர்த் தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கப்படுதல், நீர் குறைதல், தானே மின்னிறங்குதல் ஆகிய மூன்றும் வெப்பத்தால் விரைவடைகின்றன. சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசு பதிவானது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன்மூடிக்குள், எந்திரத்தின் சூடும் சேர்வதால், வெப்பநிலை இதனினும் மிகும்.

சென்னையில் குளிர்காலக் காலையிலும் எந்திர எண்ணெய் கெட்டியாவதில்லை. ஆகவே கொள்ளளவில் பாதியை இழந்துவிட்ட மின்கலவடுக்கும் எந்திரத்தைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் வரை ஒழுங்காக இயங்கிய வாகனம் மறுநாள் திடீரென நின்றுபோவதாகத் தோன்றுவது இதனாலேயே. உண்மையில் சேதம் முந்தைய கோடைகளிலேயே நிகழ்ந்திருக்கும்.

குறுந்தொலைவு ஓட்டம்

எந்திரத்தைக் கிளப்புவதற்கு மிகுந்த மின்னாற்றல் செலவாகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. தொடக்கி மோட்டார் 150 ஆம்பியர் மின்னோட்டத்தை 2 நொடி எடுத்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கே. 5 ஆம்பியர் அளவில் மின்னேறினால் ஒரு நிமிடத்தில் இது ஈடாகிவிடும்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தியாகராய நகரின் உசுமான் சாலையிலோ, மயிலாப்பூரின் மாட வீதிகளிலோ வாகனம் நெரிசலில் ஊரும்போது எந்திரம் குறைந்த வேகத்தில் சுழல்கிறது. மின்னாக்கியான ஆல்ட்டர்னேட்டரின் ஆக்கமும் குறைகிறது. அதே வேளையில் குளிரூட்டியின் காற்றாடி, எந்திரத்தைக் குளிர்விக்கும் காற்றாடி, முகப்பு விளக்கு ஆகியவை மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றன. மேலும் ஈய-அமிலக் கலத்தின் இறுதி ஐந்தில் ஒரு பங்கு மின்னேற்றம் மெதுவாகவே நிகழும். அதற்குச் சில மணி நேரம் வேண்டும். ஆகவே நாள்தோறும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் வாகனத்தின் மின்கலவடுக்கு முழு மின்னேற்றத்தை எட்டுவதே இல்லை.

ஓடாது நிற்றல்

நிறுத்தப்பட்ட வாகனத்திலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவை சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். இது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். 50 மில்லி ஆம்பியர் என்பது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகும். சிறிய மகிழுந்துகளில் உள்ள 35 ஆம்பியர்-மணி மின்கலவடுக்கில் இருந்து 21 நாட்களில் 25 ஆம்பியர்-மணி இவ்வாறு வெளியேறிவிடும்.

2020 மார்ச் 25 அன்று தொடங்கி முதலில் 21 நாட்களுக்கு அறிவிக்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்ட கொரோனா ஊரடங்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தெருவோரங்களிலும் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களிலும் வாரக்கணக்கில் நின்ற வாகனங்களின் மின்கலவடுக்குகள், பழுது ஏதும் இல்லாமலேயே மின்னிறங்கின. அவற்றுள் உடனே மின்னேற்றம் பெற்றவை மீண்டன. அப்படியே விடப்பட்டவை சல்பேட்டேற்றத்துக்கு உள்ளாயின.

முனை அரிப்பு

முனைகளில் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ படியும் தூள், கசியும் அமில ஆவியால் உண்டாகும் சல்பேட்டு ஆகும். அடையாறு, மயிலாப்பூர் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக் காற்றும் உலோக இணைப்புகளை அரிக்கும். இதனால் இணைப்பின் மின்தடை உயர்ந்து, நல்ல மின்கலவடுக்கும் கெட்டதாகத் தோன்றக்கூடும்.

சோதிக்கும் முறை

சென்னைப் பட்டறைகளில் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று கூறப்படும் நிலை மின்கலவடுக்கால் மட்டும் உண்டாவதில்லை. தளர்ந்த இணைப்பு, பழுதான தொடக்கி மோட்டார், மின்னேற்றாத ஆல்ட்டர்னேட்டர், மறைவான மின்கசிவு ஆகியவையும் காரணமாகலாம். இவற்றைக் கண்டறியாமல் புதிய மின்கலவடுக்கைப் பொருத்தினால் அதுவும் சில வாரங்களில் மின்னிறங்கிவிடும். ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு பின்வரும் வரிசையில் சோதிக்கலாம்.

1. கண்டும் கேட்டும் அறிதல்: திறவுகோலைத் திருப்பும்போது விளக்குகள் மங்கி ‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் எழுந்தால் மின்கலவடுக்கிலோ முனை இணைப்பிலோ குறை இருக்கலாம். விளக்குகள் மங்காமல் மோட்டார் மட்டும் சுழலாவிட்டால் தொடக்கி மோட்டாரையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

2. ஓய்வு மின்னழுத்தம்: வாகனம் சில மணி நேரம் நின்ற பின் அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு மின்னேற்றம், 12.4 ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 பாதி; 12.0 கால் பங்கு.

3. கிளப்பும்போதுள்ள மின்னழுத்தம்: எந்திரத்தைக் கிளப்பும் வேளையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. முழுமையாக மின்னேற்றிய பின்னும் இறங்கினால் மின்கலவடுக்கு நலிந்துவிட்டது எனலாம்.

4. மின்னேற்ற மின்னழுத்தம்: எந்திரம் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆல்ட்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் ஆராய வேண்டும். மிகுந்தால் நீர் விரைவில் வற்றும். சில புதிய வாகனங்களில் கணினி இவ்வழுத்தத்தை வேண்டுமென்றே மாற்றுவதால், முகப்பு விளக்கை எரியவிட்டு அளப்பது நன்று.

5. அமில அடர்த்தி: மூடி திறக்கத்தக்க வகைகளில் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒவ்வொரு கலத்தையும் அளக்கலாம். முழு மின்னேற்றத்தில் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.26 முதல் 1.28 வரை இருக்கும். வெப்ப நாடுகளுக்கென ஆக்கப்பட்ட சிலவற்றில் 1.24 அளவில் இருக்கும். ஒரு கலம் மட்டும் மற்றவற்றினின்று 0.05 அளவு குறைந்தால் அக்கலம் பழுதடைந்துள்ளது.

6. மின்கசிவு: எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் இணைத்து அளக்க வேண்டும். கணினிகள் உறங்குநிலைக்குச் செல்ல அரை மணி நேரம் வரை ஆகலாம். மீட்டர் இணைந்திருக்கும்போது எந்திரத்தைக் கிளப்பக்கூடாது.

தற்காலிகமாகக் கிளப்புதல்

வேறொரு வாகனத்தின் மின்கலவடுக்கில் இருந்து ஜம்பர் கம்பிகளால் மின்சாரம் பெற்றுக் கிளப்பலாம். முதலில் சிவப்புக் கம்பியால் இரு நேர்முனைகளையும் இணைக்க வேண்டும். பின்னர்க் கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை உதவும் வாகனத்தின் எதிர்முனையிலும், மறு நுனியை நின்றுபோன வாகனத்தின் எந்திர உலோகப் பகுதியிலும் இணைக்க வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி எழும். மின்கலவடுக்கில் இருந்து ஐதரசன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் அப்பொறி அதன் அருகில் எழக்கூடாது.

மாற்றும் முறை

கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். வாகனத்தின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி உடற்பகுதியில் பட்டவுடன் குறுக்குச்சுற்று உண்டாகித் தீப்புண் ஏற்படலாம். பொருத்தும்போது நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் இணைக்க வேண்டும்.

கம்பி முனைகளில் உள்ள படிவை, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். சோடா அமிலத்தை நடுநிலையாக்கும். முனைகள் உலர்ந்து, இணைப்பு இறுக்கப்பட்ட பின் வாசலின் பூசினால் அரிப்பு குறையும். மின்கலவடுக்கு அசையாதபடி பிடிப்பானை இறுக்குவதும் தேவை. கடிகாரம், வானொலி போன்றவற்றை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும்.

புதியதைத் தெரிவு செய்கையில் வாகனக் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். எடுத்துக்காட்டாக, சிறிய மகிழுந்துகளில் காணப்படும் 38பி20எல் என்னும் குறியீட்டில் 38 என்பது செயல்திறனையும், பி என்பது அகல உயரப் பிரிவையும், 20 என்பது ஏறத்தாழச் சென்டிமீட்டரில் நீளத்தையும், இறுதி எழுத்து முனைகளின் பக்கத்தையும் குறிக்கும். இறுதி எழுத்து எல் என்பதற்கு மாறாக ஆர் என்று இருந்தால் கம்பிகள் எட்டாமற் போகலாம். நெரிசலில் நிற்கும்போது எந்திரம் தானே அணைந்து மீளும் வாகனங்களுக்கு அதற்கென ஆக்கப்பட்ட வகையே ஏற்றது. செய்த தேதியையும் பார்க்க வேண்டும். கடையில் நெடுநாள் இருந்தவை மின்னேற்றத்தை இழந்திருக்கும். குளிர்நிலைக் கிளப்புத்திறன் -18 பாகை செல்சியசில் கணிக்கப்படும் அளவாகும். சென்னையில் அதைவிட வெப்பம் தாங்கும் திறனே கூடுதல் பயனுடையது.

வெள்ளத்தின் பின்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வாகனத்தைக் கிளப்பிப் பார்க்கக்கூடாது. எந்திரத்தினுள் நீர் புகுந்திருந்தால், நீர் அமுங்காத தன்மையுடையதாதலால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்தபின் எதிர்முனையைக் கழற்றி வைப்பதே முதலில் செய்ய வேண்டியது. மின்கலவடுக்கைப் பின்னர்த் தனியே சோதிக்கலாம்.

பழைய மின்கலவடுக்கு

மின்கலவடுக்கின் எடையில் பாதிக்கு மேற்பட்டது ஈயமும் ஈயச் சேர்மங்களுமே. இவ்வீயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆதலால் பழையதைத் திருப்பித் தருபவருக்குக் கடைகள் புதியதன் விலையில் தள்ளுபடி அளிக்கின்றன. இந்தியாவில் 2001 ஆம் ஆண்டு விதிகள், பயன்படுத்திய ஈய-அமில மின்கலவடுக்குகளை விற்பனையாளர் முதலியோரிடம் திருப்பித் தருவதைக் கட்டாயமாக்கின. அவற்றுக்கு மாற்றாக வந்த 2022 ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன.

உரிமம் இல்லாத இடங்களில் மின்கலவடுக்கை உடைத்து, அமிலத்தைக் கால்வாயில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கும்போது ஈயத் தூசு மண்ணிலும் காற்றிலும் கலக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, அப்பாதிப்பு மீளாதது. உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் குருதியில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020 இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. முறையற்ற மின்கல மறுசுழற்சி அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அதில் கூறப்பட்டுள்ளது. எனவே பழைய மின்கலவடுக்கைத் தெருவில் வரும் பழைய இரும்பு வணிகரிடம் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே திருப்பித் தருவது சாலச் சிறந்தது.