‘ஆக’ எல்லாம் ‘லி’ ஆகாது

திருத்தணி மலைக்கு 365 படிகள். ‘மெதுவாக ஏறினேன்’ என்கிறோம் நாம். கூடவே ஏறும் தெலுங்குக்காரர் ‘மெல்லகா எக்கானு’ என்பார். இரண்டிலும் வினையடை வினைக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னே போகும்: ‘ஐ கிளைம்ப்டு ஸ்லோலி’.

இது எளிது. நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. ‘பஞ்சாமிர்தம் இனிப்பாக இருக்கிறது’ என்பதில் ‘ஆக’ இருப்பதால், ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் ‘இனிப்பாக’ என்பது அங்கே செயலை அல்ல, பஞ்சாமிர்தத்தையே விவரிக்கிறது. அதனால் ஆங்கிலம் பெயரடையைத்தான் கேட்கும்: ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்’. பூ மணக்கும்போதும் அப்படியே, ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’.

இன்னொன்று. ‘லி’ சேர்த்தால் பொருளே மாறிவிடுவதும் உண்டு. ‘வொர்க்டு ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைத்தார். ‘ஹார்ட்லி வொர்க்டு’ என்றால் ஏறக்குறைய உழைக்கவே இல்லை!