சைபீரியாவில் கிளம்பி டெசாருவில் கரையேறும் வாடை

டிசம்பர் இரவில் ஜொகூரின் டெசாரு கடற்கரை உணவகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனால், கடலைப் பார்த்த வெளி மேசைகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கண்ணாடிக் கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரையும் உள்ளே உட்கார வைத்திருப்பார்கள். 2018 முதல் உயர்தர விடுதிகள் வரிசையாகத் திறக்கப்பட்ட கரை இது. அலையோசை கேட்கச் சாப்பிடத்தான் இத்தனை தூரம் வருகிறோம். ஆனால் இந்த மாதங்களில் அலை தொலைவிலேயே உடைந்து, நுரையும் மணலுமாகக் கலங்கி வருகிறது. உணவுப் பட்டியலைப் பார்த்து வஞ்சிரம் கேட்டால், பரிமாறுபவர் "இன்று வரவில்லை" என்று சொல்லிவிட்டு சியாக்காப் மீனைப் பரிந்துரைப்பார். கதவு சாத்தியிருப்பதற்கும் வஞ்சிரம் வராததற்கும் காரணம் ஒன்றுதான். அது 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவின் உறைபனியில் இருக்கிறது.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். வெப்பமானியை மட்டும் பார்த்தால் அது சரி. காற்றையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு தவறாமல் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இங்கேயும் குளிர்காலம் வந்து போகிறது என்றே நான் சொல்வேன். அது குளிராக வருவதில்லை, அவ்வளவுதான்.

சைபீரியாவின் நீண்ட குளிர்கால இரவுகளில், பனி மூடிய நிலம் தன்னிடமுள்ள வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். அதன்மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, தரையோடு தரையாகத் தேங்கும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1,013 ஹெக்டோபாஸ்கல். 1968 டிசம்பர் 31 அன்று சைபீரியாவின் அகாத்தாவில், கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம் 1,083.8 ஆகப் பதிவானது. இப்படித் தேங்கிய காற்று நேராகத் தெற்கே இறங்க முடியாமல் திபெத் பீடபூமியும் இமயமும் மறிக்கின்றன. அதனால் அது கிழக்கே சீனா வழியாகச் சரிந்து தென் சீனக் கடலில் பாய்கிறது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்ததும் குளிர் காலடியில் வந்து விழுமே, அதே மாதிரி. வானிலையாளர்கள் இதைக் குளிர் அலை என்கிறார்கள். தென் சீனக் கரையைத் தாண்டிய அலை இரண்டொரு நாளிலேயே நம் பக்கத்துக் கடலை எட்டிவிடுகிறது.

வழியெல்லாம் இருப்பது வெதுவெதுப்பான கடல். உறைநிலைக்கும் கீழே இருந்த காற்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடக்கையில் சூடேறி, நீராவியை வாரிக் குடித்துக்கொண்டு வருகிறது. சைபீரியாவின் குளிர் ஜொகூரை எட்டும்போது மழையாக உருமாறியிருக்கும். குளிரின் சாயல் முற்றிலும் தொலைந்துவிடுவதும் இல்லை. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 பாகை செல்சியஸ். அது 1934 ஜனவரி இறுதியில் பதிவானது, இதே வாடை வீசும் மாதத்தில். கடலும் இந்தக் குளிரில் பங்கு வாங்கிக்கொள்கிறது. வியட்நாம் கரையோரமாகத் தெற்கே இறங்கும் நீரோட்டம், வடக்கின் குளிர்ந்த நீரை நீண்ட நாக்குப் போலத் தீபகற்பத்தின் திசைக்கு இழுத்து வருகிறது.

இந்த வாடைக்குப் பொதுப்பெயர் வடகிழக்குப் பருவக்காற்று. தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொடுப்பதும் அதுதான். சீனத்துப் பாய்க்கப்பல்கள் மலாக்காவுக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் காற்றைப் பிடித்துத்தான். ஊர் திரும்ப, தென்மேற்குக் காற்று எழும்வரை அவை காத்திருக்க வேண்டியிருந்தது.

காற்று வாரக்கணக்கில் ஒரே திசையில் தள்ளும்போது நீரும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் குவிகிறது. ஆண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால், இந்த மாதங்களில் கடல் மட்டமே ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் ஆறுகளும் பெருக்கெடுத்தால் நீர் வடிய இடம் ஏது? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்துக் கொட்டிய பெருமழையில் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டெசாருவுக்குச் சாலை வழியாகப் போகும் பலர் கடந்து செல்வது அந்தக் கோத்தா திங்கியைத்தான்.

இந்தக் காற்று ஒருமுறை பாடப்புத்தகத்தையே பொய்யாக்கியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாகாது என்பது நெடுநாள் நம்பிக்கை. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்பு விசை வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை தேய்ந்து மறையும். சென்னையின் அட்சரேகையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் ஜொகூருக்குக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் 2001 டிசம்பர் 26 அன்று, வடக்கு 1.4 பாகையில் வாமெய் புயல் பிறந்தது. மறுநாள் சூறாவளியாக வலுத்தது. அருகில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் அதிகமான காற்றைப் பதிவு செய்தன. அன்றே அது தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. கூனோங் பூலாய் மலையில் மண் சரிந்து ஐந்து பேர் உயிரிழந்தனர்.

சுழற்சி எங்கிருந்து கிடைத்தது? போர்னியோ தீவு மறிப்பதால், அதன் மேற்கே கடல்மேல் ஒரு காற்றுச் சுழல் இந்தக் காலத்தில் அடிக்கடி தோன்றும். அந்த ஆண்டு அது நகர்ந்து, தென் சீனக் கடலின் குறுகிய தென்முனைக்கு வந்து நின்றது. அதே வேளையில் ஒரு குளிர் அலையும் நாள்கணக்கில் ஓயாமல் வீசியது. ஒரு பக்கம் பாய்ந்தோடும் வாடை, மறுபக்கம் தயங்கி நின்ற சுழல். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று திருகிக்கொண்டு எழுந்தது. பூமி தர மறுத்த சுழற்சியைச் சைபீரியக் காற்றே கொண்டுவந்து கொடுத்தது. இப்படி அமைவது நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்று ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டார்கள். நம் காலத்தில், நம் வாசலில் அது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இனி சாப்பாட்டு மேசைக்கு வருவோம். பருவக்காற்று முற்றிய நாள்களில் கிழக்குக் கரை மெர்சிங்கின் சிறு படகுகள் கரையிலேயே கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகாத நாள் என்றால் மீனவர் வீட்டில் வருமானம் இல்லாத நாள். சந்தையில் மீன் விலை ஏறும். வருகிற மீனிலும் பனிக்கட்டியில் கிடந்த நாள்கள் கூடும். ஆனால் அதே ஜொகூரின் மேற்குக் கரையில், பொந்தியான் வட்டாரத்துக் குக்குப்பில் நீர் அமைதியாக இருக்கும். வாடையைத் தீபகற்பமே தடுத்துவிடுகிறது. எதிரே 647 ஹெக்டேர் அலையாத்திக் காடாக நிற்கும் குக்குப் தீவு, மலாக்கா நீரிணையின் அலையையும் மட்டுப்படுத்துகிறது. 2003 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இருக்கும் தீவு அது. தீவுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட கால்வாயில் மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். கிழக்குக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் அந்தக் கூண்டு மீன்களை எடுக்கத் தடையில்லை.

பரிமாறுபவர் பரிந்துரைத்த சியாக்காப்பும் இப்படிக் கூண்டில் வளர்க்கும் மீன்தான். சியாக்காப் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டில் கொடுவா. இந்த மீன் ஆணாகவே பருவமடைகிறது. மூன்று, நான்கு வயதில் இனப்பெருக்கம் செய்து, ஆறு முதல் எட்டு வயதுக்குள் பெண்ணாக மாறுகிறது. முட்டையிடும் ஒவ்வொரு தாய்மீனும் முன்பு தந்தையாக இருந்திருக்கக்கூடியது. முக்கால் கிலோ எடையில் முழுசாக ஆவியில் வெந்து தட்டில் வரும் மீன், ஆணாகக்கூட முழுமை பெறாத இளங்குஞ்சு.

மூடியைத் திறந்ததும் எழும் ஆவியைக் கவனியுங்கள். கடல்மீன்கள் உப்பு நீரில் தாக்குப்பிடிக்கத் தசையில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கும். அதற்கு மணமே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றும்போதுதான் நாம் மீன் வாடை என்று சொல்வது பிறக்கிறது. நாள் கூடக் கூட நெடி கூடும். மேலே பிழியும் எலுமிச்சையின் அமிலம் அந்தப் பொருளோடு சேர்ந்து, காற்றில் எழ முடியாத உப்பாக அதைக் கட்டிப்போடுகிறது. சம்பாலும் மசாலாவும் மீனின் வயதை ஓரளவு மறைத்துவிடும். இஞ்சி மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன் மறைக்காது. அதனால் பருவமழை மாதங்களில் எங்கே சாப்பிட்டாலும், மீன் எந்தக் கரையிலிருந்து வந்தது, என்றைக்கு வந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சமையற்காரர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

டெசாருவுக்கோ மெர்சிங்குக்கோ கிளம்பும் முன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால், சாப்பாடு வரும்வரை விளையாடட்டும் என்று பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்.