தேதியையே பெயராக வைத்த பெர்லின் சாலை... ஏன் தெரியுமா?

பெர்லினின் பிராண்டன்பர்க் வாசலுக்கு மேற்கே நீளும் சாலைக்குப் பெயர் ‘ஜூன் 17 சாலை’. ஆனால், கதை தொடங்கியது ஊரின் மறுபக்கம், கிழக்கு பெர்லினின் ஸ்டாலின் சாலையில்.

1953. அதே கூலிக்கு 10 சதவீதம் கூடுதல் வேலை பார்க்கச் சொன்னது கிழக்கு ஜெர்மனி அரசு. அங்கே கட்டடம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஜூன் 16-ல் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். மறுநாள் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. சோவியத் டாங்கிகள் வந்தன. 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சில நாள்களிலேயே மேற்கு பெர்லின், தன் சார்லட்டன்பர்க் சாலைக்கு அந்தத் தேதியைச் சூட்டியது. (எதிர்த்தரப்பைச் சீண்ட இதைவிட நல்ல போர்டு கிடைக்குமா?)

ஸ்டாலின் சாலை என்னாச்சு? 1961 நவம்பரில் ராவோடு ராவா சிலையையும் தூக்கிட்டாங்க, பெயரையும் மாத்திட்டாங்க. ஒரு பகுதி, இன்றுவரை கார்ல் மார்க்ஸ் சாலை.