கொடுமுடிக் கோகிலமும் குரல் வலிமையும்

உரக்கப் பாடுவது வேறு, வலிமையாகப் பாடுவது வேறு. இவ்வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது எளிதன்று. பாட்டுப் போட்டியில் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடும் பிள்ளைக்கே கைத்தட்டல் மிகுதி. மறுநாள் வகுப்பில் அப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கும். பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் இதனை விளக்க நேரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் குரலையே.

அம்மையார் 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். வறுமை காரணமாகச் சிறு வயதில் ரயில் வண்டியில் பாடிக் காசு பெற்றவர். அக்குரலே அவரை வேலு நாயர் நாடகக் குழுவிற்குக் கொண்டு சேர்த்தது. குருகுலத்தில் பல்லாண்டு அமர்ந்து பயின்ற சங்கீதம் அன்று அது. ஓடும் வண்டியின் இரைச்சலுக்கு மேலே எழும்பியாக வேண்டும் என்ற தேவையே அவருக்கு முதல் ஆசான் என்று சொல்லலாம்.

இரண்டாவது ஆசான் நாடக மேடை. அக்காலத்து ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பதன் தன்மையை இன்றைய வாசகர் அறிந்திருக்க மாட்டார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி நடிப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். அதுவும் விடியும் வரையில். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் இணைந்து, பாட்டுக்குப் பாட்டு போட்டியிட்டுப் புகழ் பெற்றது இத்தகைய மேடைகளிலேதான். இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே மறைந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று உடுத்த வெள்ளைப் புடவையை அவர் இறுதிவரை மாற்றவில்லை.

இனி, குரலுக்கு வருவோம். நாடகக்காரர்கள் ‘கட்டை’ என்று பேசுவது ஆர்மோனியக் கட்டையைக் குறிக்கும். எந்தக் கட்டையை ஆதார சட்சமாகக் கொள்கிறாரோ அதுவே அப்பாடகரின் சுருதி. ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்டிர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர். நாடக மேடையிலோ எல்லோரும் தம்மால் இயன்ற மட்டும் சுருதியை உயர்த்தியே பாடினர். இதில் வீண் பெருமை மட்டும் இல்லை. ஒரு காரணமும் இருந்தது. மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒன்றுபோல் ஏற்பதில்லை. நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளையே அது மிக எளிதில் பற்றிக்கொள்கிறது. தொண்டையை நெரிக்காமல் திறந்து பாடப் பழகிய குரலில், அடிப்படைச் சுரத்தோடு கூடவே 3,000 அதிர்வுகளை ஒட்டிய மேலொலிகளும் செறிந்து ஒலிக்கும். கூட்டத்தின் இரைச்சலும் பக்கவாத்தியத்தின் ஒலியும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே அக்குரல் அவற்றை மூழ்கடிக்க வேண்டியதில்லை. மேலாகக் கடந்து சென்றுவிடும். தோட்டத்தில் பால்மர நிரைகளுக்கு இடையே ஒருவரையொருவர் கூவி அழைத்த நம் பாட்டிமார் பௌதிகம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அடித்தொண்டையில் கத்தினால் நாலு மரத்திற்கு அப்பால் கேட்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பழந்தமிழ் இசை நூலார் முதற்சுரத்திற்கே ‘குரல்’ என்று பெயரிட்டனர். கீழ், நடு, மேல் என்னும் மூன்று நிலைகளையும் மெலிவு, சமன், வலிவு என்றனர். மேல் நிலைக்கு ‘வலிவு’ என்று பெயர் வைத்தவர்கள் சுந்தராம்பாளைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். பலருடைய குரல் மேலே போகப் போக மெலியும், அல்லது கீச்சிடும். இவருடையதோ மேலே போகப் போகப் பருத்து நிற்கும். சொல்லும் சிதைவதில்லை. மெய்யெழுத்தைச் சுருக்கென்று தட்டி, உயிரெழுத்தை அகலத் திறந்து விடுவார். பொருள் விளங்காத இடம் என்று ஒன்றைக் காட்டுவது அரிது. வித்துவான்கள் சிலர் நாடகப் பாட்டை இரண்டாந்தரம் என்று ஒதுக்கியதுண்டு. ராகத்தின் நுண்மையைக் கொண்டு அளந்தால் அவர்கள் கூறியதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் தமிழ்ச் சொல்லைக் காதில் சேர்க்கும் திறமையை அவர்கள் தம் தராசில் வைக்கவே இல்லை.

1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்தார்கள். அந்நாளில் கேட்டிராத தொகை அது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இவ்வளவு இருந்தும் படம் நிலைக்கவில்லை. தமிழுலகம் முழுவதையும் அவர் குரல் ஆட்கொண்டது 1953இல்தான். ஜெமினி எஸ். எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ‘ஔவையார்’ வெளிவந்தபோது அம்மையாருக்கு வயது 44. மற்ற நடிகையர் ஒதுங்கிக்கொள்ளும் வயது. ஆனால் அவ்வேடத்திற்குக் காதலன் தேவையில்லை, அழகு தேவையில்லை. மன்னர் அவையில் நிமிர்ந்து நின்று பாடும் ஒரு கிழவியின் அதிகாரமே தேவை. அது குரலிலேயே இருந்தது. பின்னணிப் பாடகியர் ஒலிவாங்கிக்கு அருகில் மென்மையாகப் பாடும் முறை வேரூன்றிய காலத்தில், ஒலிவாங்கியே இல்லாத மேடையில் வளர்ந்த குரல் அதன் முன்னே வந்து நின்றது.

நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்குச் சுமார் மூன்று நிமிடமே அடங்கும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். அவர் பாட்டுகள் நம் தோட்டங்களில் ஒலித்த விதமும் கவனிக்கத்தக்கது. நான் சிறுவனாக இருந்த காலத்தில், திருவிழா நாள்களில் மாரியம்மன் கோயில் மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கூம்பு தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். நடு, மேல் ஒலிகளை மட்டுமே துப்பும். மெல்லிய குரல்கள் அதில் தகரச் சத்தமாகிப் போயின. அம்மையாரின் குரலோ கடைசி லயம் வரையில் முழுமையாக வந்து சேர்ந்தது. அன்று இதற்குப் பக்தியே காரணம் என்றார்கள். கூம்புக்கும் அதில் பங்குண்டு என்பேன். இப்போது அத்தோட்டங்களில் பல துண்டாடப்பட்டு, லயங்களும் இல்லை. பள்ளிகள் சிலவும் பட்டணத்தை ஒட்டி இடம் மாறிவிட்டன.

1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாராகவும் தோன்றினார். ‘துணைவன்’ படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். அறுபது வயதிலும் குரல் உடையாதது எப்படி என்பதே ஆசிரியர்கள் ஆராய வேண்டிய கேள்வி. தொண்டையை இறுக்கிக் கத்துபவருக்குக் குரல்நாண்கள் ஓயாமல் மோதிக் காய்ப்புக் காய்த்து, நாளடைவில் குரல் கரகரத்துவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சை அளந்து விடுபவருக்கு அத்துன்பம் குறைவு.

எனவே பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் கூறும் முறை இது. முதலில் ஒலிவாங்கியை எடுத்துவிடுங்கள். பிள்ளையைத் திடலின் ஒரு கோடியில் நிறுத்துங்கள். மறுகோடியில் இன்னொரு பிள்ளை நிற்கட்டும். ஒரே ஓர் அடியைக் கத்தாமல் பாடச் சொல்லி, கேட்கும் பிள்ளையை அதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் எத்தனைச் சொல் சரியோ அத்தனை மதிப்பெண் பாடிய பிள்ளைக்கு. இரண்டு வாரத்தில் கழுத்து நரம்பு தானே அடங்கிவிடும், வாய் திறக்கும்.