உடலின் சந்திகள் – 6: நண்டின் காலும் நம் முழங்காலும்

சென்ற இதழ் வரையில் முதுகுத்தண்டின் எலும்புகளையும் அவற்றினிடையே அமைந்த வட்டுகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாம், இவ்வாரம் கைகால்களின் மூட்டுகளுக்கு வருகிறோம். வரும்போது மனித சரீரத்தோடு நின்றுவிடாமல், நண்டு, இறால், தேள், சிலந்தி, பூரான், கொசு முதலான கணுக்காலிகளையும் சேர்த்துப் பார்ப்பது அவசியமென்று எனக்குத் தோன்றுகிறது. விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்டு விவரித்துள்ள பிராணி இனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இவையே ஆதலால், மூட்டின் இயல்பை அறிய விரும்புகிறவர் இவற்றை ஒதுக்கிவிட முடியாது.

நம் தேசத்து வைத்தியர்கள் சந்திகளைக் கூர்ந்து நோக்கியவர்கள். சுசுருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், மனித உடலில் உள்ள சந்திகள் 210 என்று எண்ணி, கைகால்களில் 68, நடுவுடலில் 59, கழுத்திலும் அதற்கு மேலும் 83 என்று பங்கிட்டு, அசைவன, அசையாதன என முதலில் இரண்டாகப் பிரித்து, பின்னர் உருவத்தை ஒட்டி எட்டு வகையாக்கிக் காட்டுகிறது. தொடை இடுப்பில் பொருந்துமிடம் அவர்களுக்கு உலூகலம், அதாவது உரல்; மண்டையோட்டின் எலும்புகள் கூடுமிடம் தையல்; தாடை பொருந்துமிடம் காக்கையின் அலகு. பல் தாடையில் பதிந்திருக்கும் இடத்தையும் சந்தியென்றே அந்நூல் கொள்வதைக் கண்டு வியப்பவர்கள், இன்றைய உடற்கூற்று நூல்களும் அதை ஒருவகை மூட்டாகவே வைத்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். தொடையெலும்பின் உருண்ட முனைகளும், கீழ்க்கால் எலும்பின் மேல்தளமும் வெண்மையான, வழவழப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்க, சுற்றிலும் ஒரு பை அமைந்து, அதன் உள்வரியாகிய சவ்வு மூட்டுநீரைச் சுரக்கிறது. ஆரோக்கியமான முழங்காலில் இந்நீர் ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாது. முட்டையின் வெண்கருவைப்போல் இழுபடும் இதன் பிசுபிசுப்புக்குக் காரணமான ஹயலூரானிக் அமிலத்தை, 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது மூட்டிலிருந்தன்று, மாட்டின் கண்ணிலிருந்து. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நாம் காலூன்றும்போது அழுந்தியும் காலெடுக்கும்போது விரிந்தும் மூட்டுநீரிலிருந்தே அது தன் ஆகாரத்தைப் பெறுகிறது. அதனாலேயே அது தேயத் தொடங்கும் காலத்தில் வலித்து எச்சரிப்பதில்லை. அழிந்தபின் பழையபடி வளர்வதுமில்லை. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்பதை லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அதன் பிறகு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றும் அவர் கூற்று பெரும்பாலும் நிலைத்தே நிற்கிறது.

இனி நண்டுக்கு வருவோம். சமையலறையில் நண்டின் பெரிய கொடுக்கை உடைக்கிறவர்கள், சதையின் நடுவே தட்டையான, வெண்மையான, கண்ணாடித்தாளைப்போல் மெலிந்த ஒரு தகடு வருவதைப் பார்த்திருப்பார்கள். கொடுக்கை முழுதும் பிளக்காமல், கீழ்க்கணுவில் மட்டும் கழற்றி, அந்தத் தகட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால், உயிரற்ற கொடுக்கு மெல்ல மூடிக்கொள்ளும். நமக்குத் தசை எலும்பின் வெளிப்புறத்தில் பற்றியிருக்க, நண்டுக்கோ எலும்பே வெளியோடாகிவிட்டபடியால், அவ்வோடு உள்நோக்கி நீண்டு தசைக்குப் பிடிப்பிடம் தருகிறது, அதுவே இத்தகடு. கணுவுக்குக் கணு ஓடு நின்றுபோய், அவ்விடத்தை மெல்லிய, மடங்கும் தோல் மூடியிருக்கிறது. ஒவ்வொரு கணுவும் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டுமே மடங்கும். எனினும் அடுத்தடுத்த கணுக்களின் அச்சுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருப்பதால், காலின் நுனி எத்திசையிலும் செல்ல வல்லதாகிறது. சிலந்தியின் ஏற்பாடு இன்னும் வினோதமானது. அதன் காலில் முக்கியமான இரு மூட்டுகளை மடக்கத் தசையுண்டு, நீட்டத் தசையில்லை. உடலின் திரவத்தை அழுத்தத்துடன் காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்களெல்லாம் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதற்கு அந்த அழுத்தம் நீங்கியதே காரணம்.

வெளியோடு வளராது, உடல் வளரும். ஆகவே நண்டு காலந்தோறும் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பெரிய கொடுக்கின் சதை முழுவதும் அதன் அடியிலுள்ள குறுகிய கணுக்களின் வழியே வெளிவர வேண்டியிருப்பதால், ஓடு கழற்றுவதற்கு முன்பே அத்தசை சிறுத்துப்போய், பிறகு மீண்டும் பெருக்கிறது. ஓட்டோடு மூட்டின் தோலும், தசை பற்றிய தகடும், இரைப்பையின் உள்வரியும்கூடக் கழன்று, யாவும் புதிதாகின்றன. காலொன்று பகையிடம் சிக்கினால், அடியருகே அதற்கென்றே அமைந்த ஓரிடத்தில் தானே ஒடித்துவிட்டுத் தப்புகிறது. ஒடிந்த வாயைச் சவ்வு அடைத்து இரத்தப்போக்கை நிறுத்த, அடுத்தடுத்து ஓடு கழற்றுகையில் புதுக்கால் முளைத்து வளர்கிறது. தேய்ந்த மூட்டைத் துறந்து புது மூட்டைப் பெறும் இப்பாக்கியம் நமக்கு விதிக்கப்படவில்லை. நாம் பெற்றிருப்பது அறுவை வைத்தியம் ஒன்றே. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி, முதலில் டெஃப்லானால் செய்த இடுப்புக் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து அவரைக் கைவிட்டபின், 1962இல் பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தி வெற்றி கண்டதிலிருந்துதான் செயற்கை இடுப்பு மூட்டு உலகெங்கும் நிலைபெற்றது.

நம் மூட்டுகளை முடக்குவதில் கணுக்காலிகளுக்கும் பங்குண்டு. 1952-53இல் தங்கனீக்காவின் மக்கோண்டே பீடபூமியில், நோயுற்றோரை நிமிர முடியாமல் வளைத்துவிட்ட ஒரு காய்ச்சல் பரவ, அம்மக்கள் தம் பாஷையில் இட்ட பெயரே சிக்குன்குனியா. ஏடிஸ் கொசு அதைப் பரப்புகிறது. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவிய அந்நோய், பின்னர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 2005இன் இறுதியில் மீண்டும் கிளம்பி, 2006ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13 லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்ததாக அரசாங்கக் கணக்கு கூறுகிறது. காய்ச்சல் சில நாளில் தணிந்தும், மூட்டுவலி மாதக்கணக்கில் நீங்காமல், மாடிப்படி ஏற மாட்டாமல் தவித்தவர்கள் நம் தெருக்களிலேயே பலர்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில் ஓல்டு லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், 1975 வாக்கில், குழந்தைகள் பலருக்கு ஒருசேர முழங்கால் வீங்கியது. அது சிறுவர்க்கு வரும் வாதமென்றே முதலில் கருதப்பட்டது. ஒரே வட்டாரத்தில் இத்தனை குழந்தைகளுக்கு எவ்வாறு வந்தது என்று தாய்மார் விடாது கேட்டதன் பேரில் ஆராய்ச்சி நடந்து, உண்ணி கடிப்பதால் அது வருவதென்று தெளிந்தது. 1982இல் வில்லி பர்க்டார்ஃபர் அதற்குரிய கிருமியை உண்ணியின் குடலில் கண்டார். வாதம் என்று சொல்லிக் கைவிட்டிருந்தால், கிருமிக்கொல்லி மருந்தால் தீரக்கூடிய வியாதி தீராமலே நின்றிருக்கும்.

வீக்கம், சூடு, வலி, விறைப்பு ஆகியவற்றைத் தவிர வேறு பாஷை மூட்டுக்குத் தெரியாது. காரணங்களோ நூற்றுக்கு மேல். பெருவிரலைத் தாக்கும் வாதரக்தத்தில் யூரிக் அமிலம் இரத்தத்தில் மிகுந்திருப்பதை 1848இல் காட்டிய ஆல்ஃபிரட் காரட்தான், முடக்குவாதத்தை அதனின்று வேறுபடுத்தி, 1859இல் தனிப்பெயரும் இட்டார். இவ்விரண்டுக்கும் மருந்து வேறு. தேய்மானத்துக்கு வழி வேறு. அப்படியிருந்தும், நாற்பது வயதைக் கடந்தவர் மூட்டு வலிக்கிறதென்றவுடன் ‘வயசாச்சு’ என்று சொல்லி, கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இதை நான் பெரும் தீங்காகவே கருதுகிறேன்.

இத்தொடரைப் படிக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: காலையில் எழுந்தால் இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், அந்த நிலை சில வாரங்கள் நீடித்தால், தாமதியாமல் மூட்டுநோய் மருத்துவரிடம் செல்லுங்கள், முடக்குவாதத்துக்கு ஆரம்ப மாதங்களில் கொடுக்கும் மருந்தே மூட்டைக் காக்கிறது. காய்ச்சலுடன் ஒரே மூட்டு திடீரென்று வீங்கிச் சுட்டால், மறுநாளுக்கு ஒத்திப்போட வேண்டாம். அம்மூட்டினுள் சீழ் பிடித்திருந்தால் சில தினங்களுக்குள் குருத்தெலும்பு அழிந்துவிடும்.